உங்களுக்குத் தெரியுமா? - கல்லைப் பொங்க வைக்கும் பொடி

அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும் இடங்களில் செங்கல்லுக்குப் பதிலாக வெளிர்சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய கட்டிகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏஏசி பிளாக் என்பது அதன் பெயர். கொத்தனார்களுக்கு அது ‘லைட் வெயிட் பிளாக்’. அந்தக் கட்டியை இவ்வளவு லேசாக்குவது ஒரு கைப்பிடி உலோகப் பொடி. அந்தப் பொடி எதைச் செய்கிறது, எதைச் செய்யாது, எப்போது காரியத்தைக் கெடுக்கிறது என்று இந்த முறை பார்ப்போம்.

◆ 600 மில்லிமீட்டர் நீளம், 200 அகலம், 200 உயரம் உள்ள ஒரு ஏஏசி பிளாக்கின் கொள்ளளவு 24 லிட்டர். நன்றாகக் காய்ந்த நிலையில் அது 14, 15 கிலோதான் இருக்கும். அதே இடத்தைச் சுட்ட செங்கல்லால் நிரப்பினால் எடை 40 கிலோவைத் தாண்டிவிடும். காரணம் எளிது: பிளாக்கின் கொள்ளளவில் முக்கால் பங்குக்கு மேல் வெற்றிடம்.

◆ வெற்றிடத்தை உண்டாக்குவது அலுமினியப் பொடி. சுண்ணாம்பும் சிமெண்டும் கரைந்த தண்ணீர் கடுமையான காரத்தன்மை கொண்டது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. நம் வீட்டு அலுமினியப் பாத்திரங்கள் தண்ணீரில் கரையாமல் இருப்பது அந்தப் படலத்தின் காவலால்தான். காரம் அதைக் கரைத்துவிடுகிறது. காவல் போனதும் உள்ளே இருக்கும் உலோகம் தண்ணீரோடும் சுண்ணாம்போடும் வினை புரிந்து கால்சியம் அலுமினேட்டாக மாறுகிறது. ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்டு, ஜிப்சம் கலந்த கூழுக்குள் கோடிக்கணக்கான குமிழிகள் ஒரே நேரத்தில் பிறந்து கூழை மேலே தூக்குகின்றன.

◆ எவ்வளவு பொடி தேவை? கணக்குப் போட்டே பார்க்கலாம். 27 கிராம் அலுமினியம் முழுமையாக வினை புரிந்தால் 0 டிகிரி வெப்பத்தில் 33.6 லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். அதாவது ஒரு கிராமுக்கு 1.24 லிட்டர். கூழ் இருக்கும் 45 டிகிரி வெப்பத்தில் வாயு விரிவதால் அது சுமார் 1.45 லிட்டர்.

ஒரு கன மீட்டர் பிளாக்குக்கு ஏறக்குறைய 550 கிலோ உலர் பொருளும் 330 லிட்டர் தண்ணீரும் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூழாக அது 550 லிட்டர் இடத்தைத்தான் அடைக்கும். அதை 1,000 லிட்டராக உப்ப வைக்க 450 லிட்டர் வாயு வேண்டும். அதற்குச் சுமார் 310 கிராம் அலுமினியம் போதும். கொஞ்சம் வாயு தப்பிப் போகும், பொடி முழுவதும் தூய உலோகமாகவும் இருக்காது என்பதால் ஆலைகளில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே போடுகிறார்கள். மொத்த உலர் எடையில் அது 0.05 முதல் 0.08 சதவீதம் வரை வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த 310 கிராம் உலோகம் வெளியிடும் ஹைட்ரஜனின் மொத்த எடை 35 கிராமுக்கும் குறைவு. ஏறத்தாழ 900 கிலோ கூழைத் தூக்கி நிறுத்துவது அந்த 35 கிராம் வாயு!

◆ பிளாக்குக்குள் இப்போதும் ஹைட்ரஜன் இருக்குமோ, தீப்பிடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். வாயுக்களிலேயே மிக லேசான ஹைட்ரஜன், துளைச் சுவர்களின் நுண்ணிய வழிகளில் கசிந்து சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறது. அதன் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. வீட்டுச் சுவருக்கு வரும் பிளாக்கில் இருப்பது வெறும் காற்று. கவனம் தேவைப்படுவது ஆலைக்குத்தான். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு எரியக்கூடும். அதனால் கூழ் பொங்கும் கூடத்தில் காற்றோட்டம் தடைபடவே கூடாது.

◆ பிளாக்கை உடைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். அவை வாயு உண்டாக்கியவை. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வேறு உள்ளன. கூழில் ஊற்றிய தண்ணீரின் பெரும்பகுதி பிற்பாடு ஆவியாகிப் போய்விட, அது இருந்த இடமெல்லாம் துளைச் சுவர்களுக்குள் நுண்வெளியாக மிஞ்சுகிறது. மேலே போட்ட கணக்கில் வாயுவின் பங்கு 45 சதவீதம்; தண்ணீர் விட்டுப்போன வெளி 30 சதவீதத்துக்கு மேல்.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. எடையைக் குறைப்பதில் இரண்டு வகைத் துளைக்கும் பங்குண்டு. ஆனால் சுவர் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் நுண்துளைகளின் வேலை. பெரிய குமிழிகள் தண்ணீரை இழுப்பதில்லை. நுண்வழிகளில் ஏறி வரும் ஈரத்தை இடையிடையே தடுக்கவும் செய்கின்றன. ஆகவே தண்ணீரை அள்ளி ஊற்றிக் கூழைத் தளர்த்தி எடையைக் குறைப்பது குறுக்குவழி. அது துளைச் சுவரையே பலவீனமாக்கிவிடும்.

◆ இந்தப் பிளாக் செங்கல்லைப் போலச் சூளையில் சுடப்படுவதில்லை. நம் இட்லியைப் போலத்தான்: முதலில் வாயுவால் பொங்குகிறது, பிறகு ஆவியில் வேகிறது.

◆ வேகும் இடத்துக்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். பல மீட்டர் நீளமுள்ள எஃகு உருளை. உள்ளே 180 முதல் 200 டிகிரி வரை வெப்பமும், காற்று மண்டல அழுத்தத்தைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு அழுத்தமும் கொண்ட நீராவி. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அதில் இருக்கும் பிளாக்குகளுக்குள் சுண்ணாம்பும் சாம்பலில் உள்ள சிலிக்காவும் சேர்ந்து டோபர்மோரைட் என்னும் படிகமாகின்றன. ஸ்காட்லாந்தின் மல் தீவில் உள்ள டோபர்மோரி ஊருக்கு அருகே இயற்கையில் கிடைத்த கனிமத்துக்கு ஹெடில் என்ற கனிமவியலாளர் 1880இல் இட்ட பெயர் அது. பிளாக்கின் வலிமை முழுவதும் இந்தப் படிகச் சுவரில் இருக்கிறது. அலுமினியம் துளையைத் தருகிறது, அவ்வளவே. வலிமை தருவது அதன் வேலையல்ல.

◆ அப்படியானால் ‘நல்ல பொடி போட்டால் நல்ல பிளாக்’ என்று சொல்லிவிட முடியாதா? முடியாது. இந்தத் தொழிலின் உயிர்நாடி நேரம்தான். வாயு பிறக்கும் வேகமும் கூழ் இறுகும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

வாயு முந்திக்கொண்டு கூழ் பிந்தினால், தளர்வான கூழில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலே வந்து வெடிக்கும். பொங்கிய கட்டி நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும். கூழ் முந்திக்கொண்டு வாயு பிந்தினால் நிலைமை இன்னும் மோசம். இறுகிவிட்ட பொருளை உள்ளிருந்து வாயு தள்ளும்போது, குமிழி உருண்டையாக வளர வழியில்லாமல் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போகும். தட்டைத் தட்டையான வெடிப்புகள் அடுக்கடுக்காக உள்ளே தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எடை, அளவு எல்லாம் சரியாகவே இருக்கும். பளு ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். ஒரே அடர்த்தியுள்ள இரண்டு பிளாக்குகளில் ஒன்று உறுதியாகவும் மற்றொன்று கையில் உதிர்வதாகவும் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன்.

◆ அந்தப் பொருத்தத்தைக் கொண்டுவர ஆலைக்காரர்கள் கையில் பல திருகுகள் உள்ளன. கூழின் வெப்பத்தைக் கூட்டினால் வினை வேகமாகும். காஸ்டிக் சோடா கொஞ்சம் சேர்த்தாலும் அப்படியே. ஜிப்சம் சுண்ணாம்பு நீறும் வேகத்தை அடக்குகிறது. ஆவியில் வேகும்போது வலிமை கூடவும் உதவுகிறது. சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளிவரும் சூடு வேறு, கட்டியை உள்ளுக்குள் 70, 80 டிகிரி வரை கொண்டுபோகும். சித்திரை வெயிலில் சரியாக வந்த கலவை மார்கழிக் காலையில் அப்படியே வராது. சுண்ணாம்பு லாரி மாறினாலும் கலவையைத் திருத்தியாக வேண்டும்.

◆ பொடியின் பருமன் பிளாக்கின் முகத்தையே மாற்றும். நைசான பொடிக்கு மேற்பரப்பு அதிகம். வினை சட்டென்று தொடங்கும். சிறிய குமிழிகள் நிறையப் பிறக்கும். கரடுமுரடான பொடி மெதுவாக வேலை செய்து பெரிய குமிழிகளைத் தரும். ஒரே அடர்த்தியில், துளைகள் சிறியனவாகவும் சீராகவும் இருந்தால் பளு தாங்கும் திறன் பொதுவாகக் கூடும். ஒரே ஒரு பெரிய பள்ளம் இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

◆ அலுமினியப் பொடி தண்ணீரில் போட்டதும் மூழ்காது, மேலே மிதக்கும்! உலோகத்தை உருளை ஆலையில் அரைத்துச் செதிலாக்கும்போது துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஸ்டியரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அந்தக் கொழுப்புப் படலம் தண்ணீரை விலக்குகிறது. அதனால் சோப்புத் தன்மையுள்ள திரவத்தில் முதலில் கலக்கி, படலத்தை நீக்கிய பிறகே கூழில் சேர்ப்பார்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பொடி திட்டுத் திட்டாகத் திரண்டு, ஒரு மூலையில் குகை போன்ற ஓட்டையும் மறு மூலையில் கெட்டியான கல்லும் உண்டாகும்.

◆ நம் வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் சில்வர் பெயின்ட்டின் மினுமினுப்பும் அலுமினியச் செதில்தான். சிவகாசிப் பட்டாசின் கண்ணைக் கூசும் வெள்ளை ஒளிக்கும் வெடிக்கும் அலுமினியப் பொடி வேண்டும். காற்றில் பறக்கும் அலுமினியத் தூசு தீப்பொறி பட்டால் வெடிக்கும். தீப்பிடித்தால் அதன் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர்ந்த மணலைப் போட்டு மூட வேண்டும். இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் உலர் பொடிக்குப் பதிலாகப் பசை வடிவில் அலுமினியத்தைப் பல ஆலைகள் வாங்குகின்றன. தொழிலாளியின் உயிரை நினைத்தால் பசைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை பெரிதல்ல.

◆ பொடியைக் கூட்டிக்கொண்டே போனால் பிளாக் லேசாகிக்கொண்டே போகுமா? ஓர் எல்லை வரைதான். துளைச் சுவர்கள் தாங்கும் அளவுக்கு மேல் வாயு பிறந்தால் சுவர் கிழிந்து வாயு வெளியே ஓடிவிடும். பொடிக் காசு வீண், எடையும் குறையாது, கட்டியில் வெடிப்பு மிச்சம்.

◆ பொங்கிய பிளாக்குக்கு ‘மேல்’, ‘கீழ்’ உண்டு. குமிழிகள் எழும்பும் திசையில் சற்றே நீண்டு வளர்கின்றன. கூழை ஊற்றும் அச்சின் அடிப்பகுதியில் மேலுள்ள கூழின் பாரம் அழுத்துவதால் அங்கே குமிழி சிறிதாகவும் கட்டி சற்று அடர்த்தியாகவும் இருக்கும். உச்சியில் லேசாக இருக்கும். பளு ஏற்றும் திசையைப் பொறுத்து வலிமையும் மாறும். அதனால்தான் அமெரிக்க, ஐரோப்பியத் தரவிதிகள் கட்டியின் மேல், நடு, கீழ் மூன்று பகுதிகளிலிருந்தும் மாதிரி வெட்டி, எழும்பிய திசைக்குக் குறுக்காகப் பளு ஏற்றிச் சோதிக்கச் சொல்கின்றன.

◆ அலுமினியம்தான் வாயு தரும் ஒரே பொருள் என்பதில்லை. மாம்பழத்தைக் கள்ளத்தனமாகப் பழுக்க வைக்கும் கார்பைடு கல் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயுவைக் கக்கும். அதைக்கொண்டும் கான்கிரீட்டை உப்ப வைக்கலாம். பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் ஆக்சிஜன் கிளம்பும். இந்த வழியில் தீப்பற்றும் வாயு இல்லை என்பது நன்மை. ஆனால் குளோரைடு உப்பு உள்ளே தங்கிவிடும். கம்பி இருந்தால் துருப்பிடிக்கும். துத்தநாகப் பொடியும் ஹைட்ரஜன் தரும். ஆனால் ஒரு கிராமுக்கு மூன்றில் ஒரு லிட்டர்தான் கிடைக்கும். அலுமினியம் தருவதில் கால் பங்கை ஒட்டி. போதாக்குறைக்குச் சிமெண்டு இறுகுவதையும் அது தாமதப்படுத்தும். எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்துத்தான் உலகம் அலுமினியத்தில் வந்து நின்றது.

◆ முதலில் முயன்றது கரியமில வாயுவைக்கொண்டு. பிராகைச் சேர்ந்த ஹாஃப்மன் 1889இல் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். அலுமினியப் பொடியையும் சுண்ணாம்பையும் சேர்க்கும் யோசனைக்கு 1914இல் அமெரிக்காவில் ஏல்ஸ்வொர்த், டயர் ஆகிய இருவர் காப்புரிமை பெற்றார்கள். வாயுவையும் ஆவியையும் ஒன்றுசேர்த்தவர் ஸ்வீடன் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோஹன் ஆக்சல் எரிக்சன். முதல் உலகப் போருக்குப் பிறகு எரிபொருள் தட்டுப்பாட்டில் தவித்த அந்தக் குளிர்நாட்டுக்கு, வீட்டுச் சூட்டை வெளியே விடாத சுவர் தேவைப்பட்டது. ஸ்டாக்ஹோமில் உள்ள அரசத் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் கண்ட முறைக்கு 1924இல் காப்புரிமை கிடைத்தது. 1929இல் யிக்ஸ்ஹுல்ட் என்னும் ஊரில் ஆலை தொடங்கியது. உலகம் முழுக்கத் தெரிந்த ‘யிடாங்’ என்ற வணிகப் பெயர் அந்த ஊரின் முதலெழுத்தையும், வாயுக் கான்கிரீட்டுக்கான ஸ்வீடிஷ் சொல்லின் கடைசி எழுத்துகளையும் சேர்த்து உருவானது.

◆ ஸ்வீடனில் இந்தக் கல்லுக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. அங்கே அதன் ஒரு வகையைப் படிகாரக் களிப்பாறையைச் சுட்டுப் பொடித்துச் செய்தார்கள். நீலச் சாயல் இருந்ததால் ‘நீலக் கான்கிரீட்’ என்றார்கள். அந்தப் பாறையில் இயற்கையாகவே யுரேனியம் இருந்தது. அதிலிருந்து பிறக்கும் ரேடான் வாயு வீட்டுக்குள் கசிந்தது. 1929 முதல் 1975 வரை தயாராகி, பிறகு நிறுத்தப்பட்டது. காற்றோட்டத்தைக் கூட்டியும் சுவரைச் சோதித்தும் இன்றும் அந்த வீடுகளில் கவனமாக வாழ்கிறார்கள். குற்றம் வாயு ஊட்டும் முறையில் இல்லை. பாறையைத் தேர்ந்ததில் இருந்தது. நம் ஊர்ப் பிளாக்குகளில் அந்தப் பாறை கிடையாது.

◆ வெள்ளைப் பிளாக் உசத்தி, சாம்பல் நிறப் பிளாக் மட்டம் என்று சிலர் பேரம் பேசுவார்கள். நிறம் மூலப்பொருளைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அரைத்த மணலில் செய்தால் வெளுப்பு. அனல்மின் நிலையச் சாம்பலில் செய்தால் சாம்பல் நிறம். இந்தியாவில் பெரும்பாலும் சாம்பல்தான். ஏரிகளிலும் குட்டைகளிலும் கொட்டப்பட்டு நிலத்தைக் கெடுக்க வேண்டிய பொருள் சுவராக மாறுவதை நான் மனமார வரவேற்கிறேன்.

◆ ஆட்டோகிளேவ் வாங்கப் பெரும் பணம் வேண்டும். அதனால் வாயு மட்டும் ஊட்டி, சாதாரண கான்கிரீட்டைப் போலத் தண்ணீர் தெளித்து ஆற்றும் முறையும் இருக்கிறது. அங்கே டோபர்மோரைட் உருவாகாது. காயும்போது அந்தக் கல் பல மடங்கு அதிகமாகச் சுருங்கும். சுவரில் விரிசல் விழும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பது சரியல்ல.

◆ நுரைக் கான்கிரீட்டும் வாயுக் கான்கிரீட்டும் வேறு வேறு. முன்னதில் வேதிவினையால் வாயு பிறப்பதில்லை. நுரையைத் தனியாக அடித்து எடுத்துக் கூழில் கலக்கிறார்கள். சந்தையில் ‘சிஎல்சி பிளாக்’ என்று விற்பது அதுதான். இந்தியத் தரவிதியில் ஏஏசிக்கு ஐஎஸ் 2185 மூன்றாம் பாகம். நுரை வகைக்கு நான்காம் பாகம். பில்லில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

◆ அந்த மூன்றாம் பாகம் அடர்த்திக்கு ஏற்ப என்ன வலிமை வேண்டும் என்று வகுத்திருக்கிறது. கன மீட்டருக்கு 451 முதல் 550 கிலோ வரை உள்ள முதல் தரப் பிளாக் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 2 நியூட்டன் தாங்க வேண்டும். 551 முதல் 650 வரை என்றால் 4 நியூட்டன். நூறு கிலோ அடர்த்தி கூடினால் வலிமை இரட்டிப்பு! இன்னும் கொஞ்சம் வாயு, இன்னும் கொஞ்சம் லேசு என்று போகும்போது எதை இழக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

◆ வெப்பம் கடத்துவதில் கதை தலைகீழ். துளை கூடக் கூடச் சுவர் வெயிலை மெதுவாகவே உள்ளே விடும். அதே தரவிதி 551 முதல் 650 வரை உள்ள பிளாக்குக்கு 0.24 வாட் என்ற கடத்து திறனை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. சாதாரண கான்கிரீட்டுக்கு அது ஒன்றரை வாட்டை ஒட்டி இருக்கும். மேற்குச் சுவரை ஏஏசியில் கட்டியவர்களுக்கு மாலை நேரத்தில் வித்தியாசம் புரியும். ஆனால் ஈரம் ஏறினால் இந்த நன்மை கரைந்துபோகும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும்.

◆ தீயில் இது எரியாது, புகையும் விடாது. ஒலியைத் தடுப்பதில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சத்தத்தை நிறுத்துவது பெரும்பாலும் சுவரின் எடை. லேசான சுவருக்கு அந்த வகையில் குறை இருக்கத்தான் செய்யும்.

◆ வாயு ஊட்டிய கான்கிரீட்டுக்குள் கம்பி வைத்துக் கூரைப் பலகை செய்யலாம். இங்கிலாந்தில் 1950களின் நடுவிலிருந்து 1990கள் வரை பள்ளி, மருத்துவமனைத் தட்டைக் கூரைகளுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். 2018இல் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை வார இறுதியில் இடிந்து விழுந்தது. நல்லவேளையாகக் குழந்தைகள் உள்ளே இல்லை. 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் அத்தகைய கட்டடங்களை மூடச் சொன்னது அரசு.

ஏன் இப்படி? சாதாரண கான்கிரீட் தன் காரத்தன்மையாலும் நெருக்கத்தாலும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். துளை நிறைந்த இந்தக் கல்லுக்கு இரண்டுமே குறைவு. கம்பிக்குத் தனிப் பூச்சு வேண்டும்; அந்தப் பூச்சு கெட்டு, கூரையில் ஒழுகலும் இருந்தால் துரு உள்ளேயே வளரும். கம்பியை இறுகப் பிடிக்கும் சக்தியும் இந்தக் கல்லுக்குக் கிடையாது. குறுக்கே பற்றவைத்த கம்பிகள்தான் பிடிமானம். அவை சுவர் தாங்கும் இடம் வரை வராவிட்டால் முன்னறிவிப்பே இல்லாமல் பலகை முறியும். தூண்களுக்கு நடுவே அடைக்கும் சுவருக்கு அருமையான இந்தக் கல்லை, பளு சுமக்கும் கூரையாக்கி, பராமரிப்பையும் மறந்தால் வரும் விளைவு இது.

◆ வேண்டாத இடத்திலும் இந்த வினை நடக்கும். அலுமினியக் குழாய் வழியே கான்கிரீட்டைப் பம்ப் செய்தால், ஜல்லி உரசிக் குழாயிலிருந்து உலோகத் துகள் கலந்துவிடும். தளம் போட்ட பிறகு ஹைட்ரஜன் கிளம்பி கான்கிரீட்டை உள்ளுக்குள் பஞ்சாக்கும். அதனால்தான் அமெரிக்கக் கான்கிரீட் விதிநூல் அலுமினியக் குழாயைத் தடை செய்திருக்கிறது.

◆ அதே வினையை மிகச் சிறு அளவில் நல்லதுக்கும் பயன்படுத்தலாம். இயந்திரத்தின் அடித்தகட்டுக்குக் கீழே ஊற்றும் சிமெண்டுப் பால் இறுகும்போது சற்றே வற்றி இடைவெளி விடும். சிமெண்டு எடையில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அலுமினியப் பொடி சேர்த்தால் அது லேசாக உப்பி இடைவெளியை நிரப்பிவிடும்.

◆ காற்றூட்டிய கான்கிரீட்டின் உள்ளமைப்பையும் குணங்களையும் தொகுத்து 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை உலகெங்கும் இத்துறையினர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். எழுதியவர்கள் நாராயணன், ராமமூர்த்தி. எழுதப்பட்ட இடம் நம் சென்னை ஐஐடி.

◆ இனி வீடு கட்டுவோருக்கு. ஆட்டோகிளேவிலிருந்து புதிதாக வந்த பிளாக்கில் அதன் எடையில் கால் பங்குக்கு மேல்கூட ஈரம் இருக்கலாம். சூடு ஆறியதுமே ஏற்றி வந்து சுவர் வைத்து உடனே பூசினால், பிற்பாடு பிளாக் காய்ந்து சுருங்கும்போது பூச்சில் வெடிப்பு வரும். சில வாரம் காய விடுங்கள். மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். செங்கல்லைத் தொட்டியில் ஊறப் போடுவதைப் போல இதை ஊறப் போடாதீர்கள். மேலாகத் தண்ணீர் தெளித்தால் போதும். இணைப்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அதற்கென்று வரும் ஜாயிண்ட் மோர்ட்டாரைப் பயன்படுத்துங்கள். தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை அடித்துப் பூசச் சொல்லுங்கள். கனமான அலமாரி மாட்ட வெறும் ஆணி உதவாது; துளையுள்ள கல்லுக்கென்றே விற்கும் பிளக் வேண்டும்.

◆ லாரி வந்ததும் ஒரு பிளாக்கைக் குறுக்கே உடைத்துப் பாருங்கள். துளைகள் ஒரே சீராக, தனித்தனியாக இருந்தால் நல்லது. தட்டையான கீறல்கள் அடுக்காகத் தெரிந்தாலோ, விரல் நுழையும் ஓட்டை இருந்தாலோ வாயுவும் கூழும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். எடையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஈரப் பிளாக் கனக்கும், வெடித்த பிளாக்கும் சரியான எடை காட்டும். உலர் அடர்த்தி, பளு தாங்கும் திறன், உலர் சுருக்கம் ஆகிய மூன்றும் ஐஎஸ் 2185 மூன்றாம் பாகத்தின்படி சோதிக்கப்பட்ட அறிக்கையைச் சரக்கு இறக்குவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.